முக்தார் பாய் வைத்த சாய்வு

வஜீதா அன்றைக்குப் போனது பீரோ வாங்க. மகள் சானியாவின் துணிமணிகள் வீட்டில் வைக்க இடமில்லாமல் அட்டைப்பெட்டிகளில் கிடந்தன. ஆம்பூர் புறவழிச்சாலை ஓரத்தில் ஷோயப் என்பவர் பழைய சாமான் கடை வைத்திருந்தார். மூடிப்போன கம்பெனிகளிலிருந்தும் கைமாறிய வீடுகளிலிருந்தும் வந்த மேஜை, கட்டில், மின்விசிறியெல்லாம் ஒரு தகரக் கொட்டகையின் கீழே குவிந்து கிடக்கும். வஜீதாவின் கணவர் ஜியாவுல்லா தன் ஆட்டோவை வெளியே நிறுத்திவிட்டு, பீரோக்களின் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடி, கீல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தார். வஜீதா சும்மா கொட்டகையின் பின்பக்கம் நடந்தாள்.

அங்கே பழைய கதவுகளின் மேல் ஒரு நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. நான்கு கால்களும் வானத்தைப் பார்த்து விரிந்திருந்தன. வேர்ப்பக்கம் பருத்து, நுனிக்குப் போகப்போக மெலிந்த கால்கள். கைகள் இரண்டும் முன்னால் அகன்று பின்னால் ஒல்லியாகி, துடுப்பு மாதிரி இருந்தன. உடம்பு முழுக்க யாரோ பச்சை எனாமல் பெயின்ட் அடித்திருந்தார்கள். இருக்கையில் பழுப்பு ரெக்சின் கிழிந்து பஞ்சு தொங்கியது. பின்கால் ஒன்று நீளவாக்கில் பிளந்து, கட்டுக்கம்பியால் சுற்றப்பட்டிருந்தது.

வஜீதா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கிட்டே போய், காலும் சட்டமும் சேரும் மூட்டை விரலால் தடவினாள். பெயின்டுக்கு அடியில் வட்டமாக ஏதோ தட்டுப்பட்டது. இன்னொரு மூட்டிலும் அப்படியே. மர ஆணிகள். ரெக்சினை அடித்த ஆணிகளைத் தவிர, அந்த நாற்காலியின் மூட்டுகளில் ஒரு இரும்புத் துண்டுகூட இல்லை.

"அக்கா, அது உடஞ்ச சேர். வெறகுக்குத்தான் ஆவும்" என்றார் ஷோயப்.

"எங்கேருந்து வந்துச்சு?"

"ஒரு டேனரி கெஸ்ட் ஹவுஸை இடிச்சாங்க இல்ல, அந்த லாட்டுல. வேற சேர் காட்றேன், வாங்க."

"வேணாம். இதை எறக்குங்க."

ஜியாவுல்லா நல்லதாக ஒரு பீரோவைத் தேர்ந்தெடுத்துவிட்டு மனைவியைத் தேடிவந்தபோது, அவள் தன் துப்பட்டாவின் முனையால் ஒரு நொண்டி நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா இது?"

"எங்க அப்பா செஞ்ச சேருங்க."

ஜியாவுல்லா நாற்காலியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். முப்பத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவள் இந்தக் குரலில் அதிகம் பேசியதில்லை. பீரோவை இன்னொரு நாள் எடுத்துக்கொள்வதாக ஷோயபிடம் சொல்லிவிட்டு, நாற்காலியை ஆட்டோவின் பின்சீட்டில் ஏற்றினார். வஜீதா அதன் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்து, பிளந்த காலைக் கையால் பிடித்தபடியே வீடு வந்து சேர்ந்தாள்.

வஜீதாவின் அப்பா முக்தார் அகமது தோல் பதனிடும் டேனரிகளுக்கு ட்ரம் செய்கிற தச்சர். ட்ரம் என்றால் ஆள் உயரத்தைப் போல இரண்டு மடங்கு உயரமுள்ள மரப் பீப்பாய். படுக்கைவாக்கில் அச்சில் மாட்டிச் சுற்றவிடுவார்கள். உள்ளே தோல்கள் பட்டைச்சாற்றில் புரண்டு புரண்டு பதமாகும். ஆவாரம்பட்டைச் சாறு இரும்பில் பட்டால் மை போலக் கறுத்துவிடும்; அந்தக் கறை தோலில் ஏறினால் என்ன செய்தாலும் போகாது. ஆகவே சாறு படும் இடத்தில் இரும்பு ஆணி வைக்கமாட்டார்கள், மர ஆணிதான். முக்தார் பாய்க்கு அதுவே பழக்கமாகிவிட்டது. வீட்டுக் கதவுக்கும், கோழிக்கூண்டுக்கும்கூட மர ஆணி சீவி அடிப்பார். அக்கம்பக்கத்தில் கேலி செய்வார்கள்.

அவருக்கு நான்கு பெண்கள். வஜீதா மூன்றாவது. அதிகம் பேசாத மனிதர். வேலை செய்கிற இடத்துக்குப் பெண்பிள்ளைகள் வருவது அவருக்குப் பிடிக்காது. சாப்பாட்டுத் தூக்கை எடுத்துப்போகும் பெரிய அக்கா ஒருநாள் காய்ச்சலில் படுத்துவிட்டதால், ஏழு வயது வஜீதா எடுத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு அவர் ட்ரம் கொட்டகையில் இல்லை. டேனரிக்காரரின் கெஸ்ட் ஹவுஸ் வராந்தாவில் குந்தி உட்கார்ந்து, ஆடிப்போன ஒரு நாற்காலியின் மூட்டில் புது மர ஆணி இறக்கிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் தூக்கை வாங்கிக் கீழே வைத்தார். திட்டுவார் என்று நினைத்தாள். அவர் நாற்காலியைத் திருப்பி நிமிர்த்தி வைத்து, "ஏறி உக்காரு" என்றார்.

உட்கார்ந்தாள். கால் தரையில் எட்டவில்லை.

"சாஞ்சுக்கோ."

சாய்ந்தாள். முதுகுக்குப் பின்னால் தோல் மெத்தென்று வாங்கிக்கொண்டது. வராந்தா ஓட்டுக்கு வெளியே ஒரு வாதாம் மரத்தின் உச்சி தெரிந்தது.

"நல்லாருக்குதா?"

தலையாட்டினாள். "இது நம்ம சேரு" என்றார் அப்பா. அவளுடைய இருபதாவது வயதில் அவர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். தன் வேலையைப் பற்றி அவர் அவளிடம் ஏதாவது கேட்டார் என்றால், அது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த வருடம் ஜியாவுல்லாவோடு கல்யாணம். அவர் அப்போது ஒரு டேனரியில் கூலி வேலை. பிறகு ஆட்டோ வாங்கினார். வஜீதா வீட்டிலேயே கைத்தையலுக்கு உட்கார்ந்தாள். ஷூ கம்பெனியின் ஏஜென்ட் மூட்டையில் கொண்டுவந்து போடும் மேல்பாகங்களை, இரண்டு ஊசி கோத்து, முன்பக்கம் மடிப்பு மடிப்பாகத் தைத்துக் கொடுக்க வேண்டும். அடிப்பாகம் கம்பெனியில் ஒட்டிக்கொள்வார்கள். இருபத்தொன்பது வருடம் தைத்திருக்கிறாள். விரல் நுனிகள் மரத்துப்போய்விட்டன. இடுப்பு வலி நிரந்தரமாகிவிட்டது. அவள் தைத்த ஒரு ஜோடியாவது முழு ஷூவாகி யாருடைய காலிலாவது இருப்பதை அவள் பார்த்ததில்லை. எல்லாம் கப்பலேறிப் போய்விடும்.

நாற்காலி மொட்டை மாடியில் ஏறியது. வஜீதா தினமும் காலையில் சமையலை முடித்துவிட்டு ஒரு மணி நேரம் அதோடு உட்கார்ந்தாள். முதலில் ரெக்சினைப் பிய்த்தாள். பஞ்சுக்கு அடியில், முன்சட்டத்தின் ஓரத்தில், பழைய தோலின் ஒரு நாடா மட்டும் மிச்சமிருந்தது. பட்டைச்சாற்றில் பதமான அசல் தோல். பின்னால் வந்த யாரோ அதன்மேல் இரும்பு ஆணி அடித்திருந்தார்கள். ஒவ்வொரு ஆணியைச் சுற்றியும் மைக்கறை வட்டமாகப் பரவியிருந்தது. "அப்பா பாத்திருந்தா கைய ஒடிச்சிருப்பாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள்.

பெயின்டை உரிக்கும் திரவத்தைத் தடவியதும் பச்சை எனாமல் பொங்கிச் சுருண்டது. அதைத் தோல் சீவும் கத்தியால் வழித்தாள். பச்சைக்குக் கீழே வெள்ளி நிறம், அதற்குக் கீழே கறுத்த வார்னிஷ், அதற்கும் கீழேதான் தேக்கு. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கத் தேய்க்க மரம் தேன் நிறத்தில் வெளியே வந்தது. பிளந்த காலுக்குள் பசையைச் செலுத்தி, ஜியாவுல்லா பழைய டயர் டியூபை நாடாவாக வெட்டி இறுக்கமாகச் சுற்றிக் கட்டினார். "ஆட்டோவுக்கு இவ்ளோ பண்டுவம் பாத்திருந்தா அது இன்னும் பத்து வருசம் ஓடும்" என்று சொன்னாலும், மறுநாள் தானே கட்டை அவிழ்த்து, கால் ஆடுகிறதா என்று பார்த்தார். ஆடவில்லை.

சானியா ஒரு ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவள். ஒருநாள் மாடிக்கு வந்து நாற்காலியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, போனில் சில படங்களைக் காட்டினாள். வெளிநாட்டு வீடுகளில், கண்ணாடிச் சன்னல் ஓரங்களில், இதே மாதிரி நாற்காலிகள்.

"அம்மி, இது அறுபது எழுவது வருசத்துக்கு முந்தின ஸ்டைல். இப்ப மறுபடி எல்லாரும் தேடி வாங்குறாங்க. உங்க அப்பா, நம்ம நானா, எங்கே போய் இதைக் கத்துக்கினாரு?"

"தெரியலையே" என்றாள் வஜீதா. அப்பாவுக்குக் கற்றுக்கொடுக்க யாரோ இருந்திருப்பார்கள் என்று அதுவரை அவளுக்குத் தோன்றியதேயில்லை. ஆனால் மகள் நாற்காலியைப் பார்த்து வியந்தது அவளுக்குப் பெருமையாக இருந்தது. அந்த வாரம் அக்கா தங்கைகள் மூன்று பேருக்கும் போன் போட்டாள். "அப்பா செஞ்ச சேர் கெடச்சிருக்குது. வந்து பாருங்க."

கடைசியாக இருக்கையின் அடிச்சட்டம் மிச்சமிருந்தது. நாற்காலியைக் கவிழ்த்துப்போட்டு அங்கேயும் உப்புத்தாளால் தேய்த்தாள். பெயின்ட் அடைத்திருந்த ஒரு பள்ளம் தெரிந்தது. ஊசியால் நோண்டினாள். உளியால் வெட்டிய எழுத்து. தமிழ் எழுத்து. ‘வீ’. பக்கத்தில் 4 என்று ஒரு எண்.

வஜீதா ஊசியைக் கீழே வைத்தாள்.

அவள் அப்பாவுக்குத் தமிழ் பேசத் தெரியும், எழுதத் தெரியாது. அவருடைய உளி, இழைப்புளி எல்லாவற்றின் பிடியிலும் உருதுவில் தன் பெயரின் முதலெழுத்தான ‘மீம்’ என்பதைச் சுட்டு வைத்திருப்பார். வேலை முடித்த ட்ரம்மின் கதவிலும் அதே மீம்தான். இந்த நாற்காலி வேறு யாரோ செய்தது.

கீழே இறங்கி வந்தவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் மாடிக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. மழை வரும்போலிருந்த ஒரு மாலையில் ஜியாவுல்லாதான் போய் நாற்காலிமேல் தார்ப்பாய் போட்டுவிட்டு வந்தார்.

"இன்னா ஆச்சு? பாதியில வுட்டுட்டே."

அவள் சொன்னாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். ஐம்பத்து மூன்று வயதில் ஒரு நாற்காலிக்காக அழுவது அவளுக்கே வெட்கமாக இருந்தது. "ஊரெல்லாம் போன் பண்ணி சொல்லிட்டேங்க. அப்பா செஞ்சதுன்னு."

"வீன்னா யாரு?" என்றார் ஜியாவுல்லா.

"அப்பாகூட ஒருத்தர் வேலை செஞ்சாரு. வீரபாகுன்னு பேரு. பெருநாளுக்கு வீட்டு வாசல் வரைக்கும் வருவாரு, அம்மா அவருக்கு ஒரு டப்பாவுல பாயசம் குடுத்தனுப்புவாங்க. அவ்ளோதான் தெரியும். இப்ப இருக்காரோ இல்லையோ."

ஆட்டோ ஸ்டாண்டில் ஒரு விஷயத்தைப் போட்டால் நான்கு நாளில் பதில் வந்துவிடும். மூன்றாம் நாளே வந்தது. மாதனூரில் வீரபாகு என்று ட்ரம் வேலை பார்த்த ஒரு பெரியவர் மகன் வீட்டில் இருக்கிறார், வயது எண்பதுக்கு மேல், காது கொஞ்சம் மந்தம், மற்றபடி திடமாக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜியாவுல்லா ஆட்டோவை எடுத்தார். வஜீதாவுக்குப் போகவும் மனமில்லை, போகாமல் இருக்கவும் முடியவில்லை. சானியாவின் போனில் நாற்காலியின் படங்களை எடுத்துக்கொண்டு ஏறினாள்.

வீரபாகுவின் மருமகள் பூர்ணிமாதான் கதவைத் திறந்தாள். அவளும் ஷூ கம்பெனித் தொழிலாளி. வாரம் ஆறு நாள் கம்பெனி பஸ், இன்றைக்கு ஒருநாள்தான் வீட்டில். உள்ளே கூடத்தில் பெரியவர் பனியன் போட்டுக்கொண்டு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். மெலிந்த உடம்பு. ஆனால் கை இரண்டும் அகலமாக, விரல்கள் முடிச்சு முடிச்சாக இருந்தன.

"மாமா, ஆம்பூர்லேந்து வந்திருக்காங்க. முக்தார் பாய் பொண்ணாம்" என்று பூர்ணிமா அவர் காதருகில் சத்தமாகச் சொன்னாள்.

கடலையை உரித்த கை நின்றது. "முக்தார் பாய் பொண்ணா? எத்தினாவது பொண்ணு?"

"மூணாவதுங்க" என்றாள் வஜீதா.

பெரியவர் வாயில் பல் இல்லாமல் சிரித்தார். "மூணாவதா! அப்ப நீதானா அது?"

எது என்று அவளுக்குப் புரியவில்லை. அவள் போனை நீட்டி, அந்த எழுத்தின் படத்தைக் காட்டினாள். அவர் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"என் எழுத்துதான். நாலாம் நம்பர். இது இன்னுமா இருக்குது?"

"நான் எங்க அப்பா செஞ்சதுன்னு நெனச்சுகினு வாங்கிட்டேன் மாமா" என்றாள் வஜீதா. சின்ன வயதில் கூப்பிட்ட ‘மாமா’ தானாக வாயில் வந்துவிட்டது.

அவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார். அவசரமில்லாமல் சொல்லத் தொடங்கினார்.

"எழுவத்தொண்ணுல ஒரு ஜெர்மன்காரன் தோல் வாங்க வந்தான். அவன் தங்குறதுக்கு கெஸ்ட் ஹவுஸ் கட்டினாரு மொதலாளி. ஏதோ இங்கிலீஷ் புஸ்தகத்துலேந்து ஒரு படத்தைக் கிழிச்சு எங்க கையில குடுத்து, இதே மாதிரி ஆறு சேர் வேணும்னுட்டாரு. எங்களுக்கு ட்ரம்தான் தெரியும். சேர் எங்கே தெரியும்? ட்ரம்முக்கு வாங்குன தேக்குல மிச்சம் இருந்துச்சு. பாய் மூணு செஞ்சாரு, நான் மூணு செஞ்சேன். ஒண்ணு ரெண்டு மூணு அவரோடது. நாலு அஞ்சு ஆறு என்னோடது."

"அப்பா செஞ்சது எங்கே இருக்குது இப்ப?"

"ஜெர்மன்காரன் எடுத்துகினு போய்ட்டான்ம்மா. ஊருக்குப் போவும்போது மொதலாளிகிட்ட கேட்டான். ஆறுலேயும் நல்லாருக்குற மூணைக் காட்டினான். மூணும் பாயோடது. நான்தான் வைக்கோல் சுத்தி பொட்டியில கட்டினேன். மெட்ராஸ் ஹார்பருக்குப் போச்சு. அப்புறம் சேதி இல்ல."

வஜீதா தலையைக் குனிந்துகொண்டாள். "அதுவும் கப்பல்லதானா" என்றார் ஜியாவுல்லா மெதுவாக.

"ஆனா என்கிட்ட சொன்னாரு மாமா. கெஸ்ட் ஹவுஸ் வராந்தாவுல என்னை உக்கார வச்சு, இது நம்ம சேருன்னு சொன்னாரு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது."

"சொல்லிருப்பாரு. ஏன்னா அளவு அவரோடது இல்ல?" பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கேளு. படத்துல இருந்த மாதிரியே மொதல்ல ஒண்ணு கூட்டினோம். உக்காந்தா இடுப்பைப் புடிச்சுது. வெள்ளைக்காரன் ஒசரம் வேற, நம்ம ஒசரம் வேற. பாய் சொன்னாரு, சாய்வு சரியில்ல, மாத்தணும்னு. எவ்ளோ மாத்துறது? யாரை உக்கார வச்சுப் பாக்குறது? அப்ப உங்க அம்மாவுக்கு எட்டு மாசம். சரியான இடுப்பு வலி. உக்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது. பாய் இன்னா சொன்னாரு தெரியுமா? ‘அவளுக்கு வலிக்காம இருந்தா வேற யாருக்கும் வலிக்காதுடா வீரா’ன்னாரு."

வஜீதா நிமிர்ந்து பார்த்தாள்.

"தெனமும் சாயந்திரம் வேலை முடிஞ்சதும் சேரைக் கைவண்டியில வச்சு உங்க வீட்டுக்குத் தள்ளிகினு போவோம். நான் தெருவுல நிப்பேன். பாய் மட்டும் உள்ளே தூக்கிகினு போவாரு. வாசல்ல தெரை தொங்கும். எனக்கு ஒண்ணும் தெரியாது, சத்தம்தான் கேக்கும். ‘அவ்ர் தோடா’ன்னு உங்க அம்மா சொல்லுவாங்க. இன்னும் கொஞ்சம்னு. பாய் வெளியே வந்து எனக்கு விரலைக் காட்டுவாரு. ஒருநாள் அரை விரல். ஒருநாள் கால் விரல். மறுநாள் கட்டையை எளைச்சு அவ்ளோ சாய்ப்போம். மறுபடி சாயந்திரம் வண்டி. தெருவுல எல்லாம் சிரிப்பாங்க. எட்டு நாள் இப்பிடியே போச்சு. ஒம்போதாம் நாள் பாய் உள்ளே போனாரு. சத்தமே இல்ல. நானும் நிக்கிறேன், நிக்கிறேன். பாங்கு சொல்லி முடிச்சுட்டாங்க. அப்புறம் மெதுவா வெளியே வந்து, வாயில விரலை வச்சு ‘ஷ்’ன்னாரு. உங்க அம்மா தூங்கிட்டாங்க."

பூர்ணிமா அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு சேரை அங்கேயே வுட்டுட்டு வெறும் வண்டியைத் தள்ளிகினு வந்தோம்" என்றார் வீரபாகு. "அந்த அளவுக்குத்தான் ஆறும் செஞ்சது. என் கை வெட்டுன மரம்தான், நான் இல்லேன்னு சொல்லல. ஆனா அந்தச் சாய்வு உங்க அம்மா சொன்னது. வயித்துல இருந்தது நீ. எட்டு மாசத்துலேயே நீ அதுல உக்காந்து பாத்துட்டே."

அம்மா போய்ப் பத்து வருடமாகிறது. இதை ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லத்தக்க விஷயமாக அம்மாவுக்குத் தோன்றாமலே இருந்திருக்கலாம். அப்பாவோ ஒன்றையுமே சொல்லாதவர். கைவண்டியில் நாற்காலியை வைத்து, தெரு சிரிக்கச் சிரிக்க எட்டு நாள் தள்ளிவந்த ஒரு மனிதரை வஜீதாவுக்கு அதுவரை தெரியாது.

திரும்பும் வழியில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். ஜியாவுல்லா கண்ணாடியில் பார்த்துவிட்டு ஆட்டோவை மெதுவாக ஓட்டினார். வீட்டுக்கு வந்ததும் நேரே மாடிக்குப் போய்த் தார்ப்பாயை இழுத்துப் போட்டாள்.

இருக்கைக்குத் தோல் வேண்டும். அவள் தைக்கிற ஷூத் தோல் இதற்கு உதவாது. மெல்லியது, ரசாயனத்தில் பதமானது. பேரணாம்பட்டில் இன்னும் பட்டையில் பதமாக்குகிற ஒரு சின்ன டேனரியில், ஓரத்தில் தழும்பு இருந்ததால் ஒதுக்கிவைத்த எருமைத்தோல் ஒன்று கிடைத்தது. கூடத்தில் விரித்தபோது வீடு முழுக்க அந்த வாசனை எழுந்தது. அப்பாவின் சட்டையில் இருந்த வாசனை. வஜீதா அன்றைக்கு ஊதுபத்தி ஏற்றவில்லை.

முதல் முயற்சி தோற்றது. இருபத்தொன்பது வருடத்தில் அவள் தைத்ததெல்லாம் வேறு யாரோ வெட்டிக்கொடுத்த தோலை. வெட்டுவது தனி வித்தை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தழும்பைத் தவிர்ப்பதற்காக வயிற்றுப்பக்கத்தில் வெட்டிவிட்டாள். முன்சட்டத்திலும் மேல்சட்டத்திலும் செதுக்கியிருந்த காடிப் பள்ளங்களில் மரக்கம்பு கோத்து, தோலின் இரண்டு முனைகளையும் அதில் மடித்துத் தைத்து மாட்டியபோது அழகாகத்தான் இருந்தது. பத்தே நாளில் தோல் இழுத்துக்கொண்டது. ஜியாவுல்லா உட்கார்ந்தால் கீழ்க்கட்டை தட்டியது.

"கிணத்துக்குள்ளே எறங்குற மாதிரி இருக்குது" என்றார்.

பிரித்தாள். இரண்டாம் தடவை முதுகுத்தண்டு ஓடும் நடுப்பகுதியில், தழும்பு போனால் போகிறது என்று, நீளவாக்கில் வெட்டினாள். ஓரங்களைச் சீவி மடித்து, இரண்டு ஊசிகளை எதிரும் புதிருமாக விட்டு, மெழுகு பூசிய நூலில் தைத்தாள். கம்பெனி வேலைக்கு அங்குலத்துக்கு இத்தனை தையல் என்று கணக்கு உண்டு. இதற்கு அவள் இஷ்டம். ஒரு வாரம் ஏஜென்டிடம் மூட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். "உடம்பு சரியில்லையா அக்கா?" என்று அவர் கேட்டார். "நல்லாருக்குது" என்றாள்.

மரத்துக்கு வார்னிஷ் போடவில்லை. ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு ஐந்து தடவை தேய்த்தாள். ஒவ்வொரு தடவையும் காய்ந்த பிறகுதான் அடுத்தது. எல்லாம் முடிந்த ஒரு வெள்ளிக்கிழமை, ஜியாவுல்லா தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில், கூடத்தின் சன்னலருகே நாற்காலியைப் போட்டு வஜீதா உட்கார்ந்தாள். மெல்லச் சாய்ந்தாள். வருடக்கணக்காக இடுப்பில் ஊசி குத்துவதுபோல் இருந்த இடத்தை அந்தச் சாய்வு தாங்கிக்கொண்டது. ஜியாவுல்லா வந்து கதவைத் தட்டியபோதுதான் விழித்தாள்.

பிறகு அக்கா தங்கைகள் வந்தார்கள். வஜீதா நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். பெரிய அக்காவுக்கு மட்டும் கைவண்டி லேசாக நினைவிருந்தது. அப்பா ஏதோ சாமான் விற்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தாளாம். நால்வரும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்து, அம்மாவின் குரலில் "அவ்ர் தோடா" என்று சொல்லிச் சிரித்தார்கள். தங்கை மட்டும் சிரித்துக்கொண்டே அழுதாள்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். பார்த்தால் வீரபாகு. தனியாக டவுன் பஸ் பிடித்து வந்திருக்கிறார். கையில் ஒரு மஞ்சள் பை.

"சொல்லியிருந்தா ஆட்டோ அனுப்பியிருப்பேனே மாமா!"

"சேர் எங்கே?" என்றார் அவர்.

அதை வலம் வருகிறவர் மாதிரி ஒரு சுற்றுச் சுற்றினார். தையலைத் தடவினார். "ம்" என்றார். உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் நாற்காலியின் கைகளில் வைத்தார். முகம் சுருங்கிவிட்டது.

"எடது கை தடிப்பா இருக்குது. அப்பவே பாய் திட்டினாரு. இன்னும் ஒரு நூல் அளவு எளைக்கணும்டான்னாரு. ஜெர்மன்காரன் வர்ற அவசரத்துல அப்படியே வுட்டுட்டேன்." மஞ்சள் பைக்குள் கைவிட்டு ஒரு சின்ன இழைப்புளியை வெளியே எடுத்தார்.

வஜீதா கையை நீட்டினாள். ஐந்து தடவை எண்ணெய் தேய்த்த மரம். "மாமா, இப்ப எதுக்கு மாமா அது..."

அதற்குள் அவர் தரையில் குந்திவிட்டார். அவள் தடுக்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டு, நாற்காலி நகராமல் மறுபக்கம் பிடித்துக்கொண்டாள். சர் சர்ரென்று இழைப்புளி ஓடியது. மெல்லிய சுருள்கள் கூடத்துத் தரையில் உதிர்ந்தன. ஒவ்வொரு தள்ளலுக்கும் நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். கடைசியில் எழுந்து மறுபடி உட்கார்ந்து, இரண்டு கைகளையும் வைத்துப் பார்த்தார்.

"இப்ப சரி" என்றார். "டீ குடு. சக்கரை கம்மியா."

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, ஆட்டோ வேண்டவே வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்து பஸ்ஸிலேயே போனார். வஜீதா தரையைக் கூட்டிவிட்டு, இழைத்த இடத்தில் எண்ணெய் தேய்த்தாள். மற்ற பாகங்களின் நிறம் அதற்கு வரவில்லை. இரண்டு வாரம் கழித்தும் வரவில்லை.

"அம்மி, அந்த ஒரு எடம் மட்டும் வெளுப்பா தெரியுது. கலர் கலந்து தேச்சா சரியாய்டும்" என்றாள் சானியா.

"வுடு, இருக்கட்டும்" என்றாள் வஜீதா. அவள் நாற்காலியில் சாய்ந்து, மடியில் வைத்திருந்த மொச்சைக்கொட்டையை உரித்துக்கொண்டிருந்தாள்.